திதி தெரிந்த நீதிபதி

ஒவ்வொரு சித்திரையிலும் புதுப் பஞ்சாங்கம் வந்து சேர்ந்தவுடன் லண்டனில் நான் ரைப் அடித்த அந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். நாங்கள் லோயர் அண்ணை என்று கூப்பிட்ட முதலாளியின் தாயாருடைய திவசம் அந்த வருடம் எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்து, மேசையில் விரித்துக் கிடக்கும் பெரிய டயறியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட வேண்டும். ஐப்பசி மாதம், பூர்வபக்க ஏகாதசி. அந்தத் திதி ஒரு வருடம் நவம்பரில் வரும், அடுத்த வருடம் ஒக்டோபருக்குப் போய்விடும். வட்டம் போட்ட நாளில் அவர் வழக்கு எடுக்கமாட்டார், போன் எடுக்கமாட்டார். வேட்டி கட்டிக்கொண்டு வீட்டில் ஐயரோடு இருப்பார். எங்களிடம் கொஞ்சக் காலம் ரைப் அடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பழைய டயறிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் முதலாளியின் அம்மா வருடா வருடம் வேறு வேறு நாளிலா சாகிறார் என்று என்னிடம் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பை மூடி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். சந்திரன் வளர்வது பூர்வபக்கம், தேய்வது அபரபக்கம், செத்தவர்களின் நாளை நாங்கள் சந்திரனை வைத்துத்தான் பார்ப்போம், இங்கிலிஸ் திகதியை வைத்தல்ல என்று ஒரு தாளில் வட்டம் வட்டமாகக் கீறி அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். வெளியே கதிரை போதாமல் சனம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்த மனிதருக்குத் திதி என்றால் என்னவென்று தெரியாது என்று நாளைக்கு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

போன மாதம் அவர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். மகள் போன் எடுத்தாள். பாவம், நல்ல பிள்ளை. "அன்ரி, நீங்கள் அப்பாவோட கனகாலம் வேலை செய்தனீங்கள்தானே. ரெண்டு பக்கம் காணும்" என்றாள். அட்டையில் போடப்போவதையும் வாசித்துக் காட்டினாள். சட்டத்தரணி, நீதிபதி, நகரசபை உறுப்பினர். மூன்றுக்கும் கீழே மூன்று படம். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். சரி, அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஒருமுறை சொன்னேன், என் வீட்டு வாசலில் வைத்து. போதாது. ஊரில் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்துவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் இதை அச்சடிக்கமாட்டார்கள். பரவாயில்லை.

முதலில் அவருடைய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் கிங்ஸ்பரியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து அலுவலகம் வைத்திருந்தார். கீழே கருவாட்டு மணம், மேலே காபன் தாள் மணம். நான் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இங்கிலிஸ் தெரியும், ரைப் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு ஹவுன்ஸ்லோவிலிருந்து ஷிப்ட் உடுப்போடு எங்கள் ஆட்கள் வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், மடித்து மடித்துக் கிழிந்த கடிதம். நாடு கடத்தப் போகிறோம் என்ற கடிதம்தான் அநேகமாக. அவர் அதை வாசித்துவிட்டு முதலில் செய்வது, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்பது. பிறகு போனை எடுத்து அந்தப் பக்கத்தில் இருக்கும் அதிகாரியோடு சண்டை பிடிப்பார். அப்படி ஒரு சண்டையை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. குரல் உயராது. சட்டப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லுவார், நிறுத்துவார், இன்னோர் இலக்கத்தைச் சொல்லுவார். உள்ளங்கைச் சீனியை ஒரு கடி, பால் விடாத பிளேன் ரீயை ஒரு மிடறு, மறுபடியும் ஓர் இலக்கம். அந்தப் பக்கத்தில் இருப்பவன் வெறுத்துப்போய்ச் சரி என்பான்.

"சட்டம் தெரிஞ்ச லோயர்மார் லண்டன் முழுக்க இருக்கினம். எங்கட சனத்தைத் தெரிஞ்ச லோயர்தான் இல்லை." இது அவர் அடிக்கடி சொன்ன வசனம். நானும் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லித் திரிந்தவள்தான்.

மட்டுவில் ஊரிலிருந்து வந்த ஒருவரின் வழக்கை இன்றைக்கும் பழைய ஆட்கள் கதைப்பார்கள். அந்த மனிதருடைய தகப்பனை வீட்டு முற்றத்தில் வைத்துச் சுட்டிருந்தார்கள். விமான நிலையத்தில் கேட்டபோது ஒரு திகதி சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் கழித்துக் கொடுத்த வாக்குமூலத்தில் வேறொரு திகதி. தகப்பன் செத்த நாள் தெரியாதவன் பொய்யன் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். லோயர் அண்ணை அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "திவசம் கொடுக்கிறனீரோ?" மனிதர் ஓம் என்றார். அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தந்த வருடம் திதி விழுந்த திகதியை மனிதர் சொல்லியிருக்கிறார். கோயில் ஐயரிடம் போய்ப் பழைய பஞ்சாங்கங்களைக் கட்டாக வாங்கிவந்தோம். நான் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்து ரைப் அடித்தேன். விசாரணை நாளில் அவர் வெள்ளைக்கார நீதிபதிக்கு முன்னால் எழுந்து நின்று, "இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் வேறு கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று தொடங்கினார். அந்த நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன கலண்டர்? காட்ட முடியுமா?" என்று கேட்டார். பஞ்சாங்கத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வழக்கு வென்றது. வெளியே வந்ததும் மட்டுவில்காரர் அவருடைய காலில் விழப்போக, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எழும்பும் காணும்! நான் சாமியில்லை" என்று பேசினார். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை வீடு போய்ச் சேரும் வரைக்கும் நிற்கவில்லை.

தொண்ணூறுகளில் அவரை நீதிபதியாக்கினார்கள். குடிவரவு மேன்முறையீடுகளைக் கேட்கும் நீதிபதி. எங்கள் ஆட்களில் ஒருவர் அந்தக் கதிரையில் போய் இருப்பதை நாங்கள் அதுவரை கண்டதில்லை. சனம் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போர்த்தி, மனிதர் மூச்சுவிட முடியாமல் நின்றார். லோயர் அண்ணை ஒரே இரவில் ஜட்ஜ் ஐயா ஆனார். அதன்பிறகு லண்டனில் அவர் இல்லாமல் ஓர் அரங்கேற்றம் நடக்கவில்லை. ஆடின பிள்ளை களைத்துப்போய் நிற்கும், இவர் மைக்கைப் பிடித்து நீதி, நேர்மை, எங்கள் பண்பாடு என்று முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்குவார். நான் மட்டும் என்ன திறமா? அந்தப் பாராட்டு விழாவுக்கு இருநூறு மீன் றோல்ஸ் சுற்றினேன். இப்போது என்றால் ஒன்றுகூடச் சுற்றமாட்டேன்.

அலுவலகம் வேறொருவர் கைக்குப் போனது. நான் அங்கிருந்து விலகி மொழிபெயர்ப்பாளராகப் பதிந்தேன். விசாரணை மன்றில் மொழிபெயர்ப்பாளர் என்றால் தளபாடம் மாதிரி. சாட்சி சொல்வதை அப்படியே இங்கிலிசில் சொல்ல வேண்டும், இங்கிலிசில் கேட்பதை அப்படியே தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, விளக்கக்கூடாது. வழக்காளிகளோடு வழக்கைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம். மீறினால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

நான் சொல்லவந்த அந்த அக்காவின் வழக்கு ஒரு புரட்டாதி மாதத்துக் காலையில் வந்தது. மேற்கு லண்டனில் ஒரு பழைய கட்டடம். அறை வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் நீதிபதியின் பெயரைப் பார்த்தேன். எங்கட ஜட்ஜ் ஐயா. எனக்கே ஒரு புளுகம், மனம் துள்ளியது. வாசலில் கிடந்த நீள வாங்கில் இரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருத்தி அந்த அக்கா, நாற்பத்தைந்து வயது இருக்கும். மற்றவ அவவின் தங்கை. செவன் கிங்ஸில் தங்கையின் வீட்டில்தான் அக்கா இருந்தா. புருசன் தென்மராட்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஆமிச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனவர்கள் திருப்பி விடவில்லை. பதினாறு வயது மகள் ஒருத்தி கொழும்பில் யாரோ தூரத்து உறவோடு ஒரு லொட்ஜில் இருந்தாள். வழக்கு வென்றால் மகளை இங்கே எடுக்கலாம். தோற்றால் தாயும் திரும்பிப் போக வேண்டும், போய் இருக்க இடமில்லை. இவ்வளவும் நான் பிறகு கோப்பில் பார்த்தது. அந்த வாங்கடியில் தங்கை என்னை மறித்து, பட்டியலில் இருந்த நீதிபதியின் பெயரைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"தங்கச்சி, உந்தப் பேரைப் பாத்தால் தமிழர் மாதிரிக் கிடக்கு. உண்மையே?"

"ஓம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா? "பயப்பிடாதேங்கோ. அவருக்கு எல்லாம் தெரியும்" என்று சொன்னேன்.

தங்கையின் மடியில் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. நடுவில் கடதாசித் துண்டுகள் செருகி அடையாளம் வைத்திருந்தா. அதைத் தங்களுடைய லோயரிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் சொன்னதைக் கேட்டதும் தமக்கையைப் பார்த்துச் சிரித்தா. "அப்ப உது தேவையில்லை அக்கா. வெள்ளைக்காரனுக்கெண்டால் காட்டலாம். எங்கட ஆளுக்குப் போய் உதைக் காட்டினால், எனக்குத் தெரியாதோ எண்டு குறை நினைப்பார்." பஞ்சாங்கம் கைப்பைக்குள் போனது. சிப் பூட்டிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. அது சரிதானே என்றுதான் நானும் நினைத்தேன். பெரிய மனிதருக்குத் தெரிந்ததை அவருக்கே எடுத்துச் சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்த சனம் நாங்கள். இந்த மடைத்தனத்தை எங்களைத் தவிர வேறொரு சனமும் செய்யாது.

உள்ளே போனோம். அக்கா அவரைக் கண்டவுடன் இரண்டு கையையும் கூப்பினா. அவர் கோப்பைப் பார்த்தார். எனக்கு இங்கிலிசில் காலை வணக்கம் சொன்னார், முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோல. சரி, மன்று, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விசாரணை தொடங்கியது. அக்கா தமிழில் பதில் சொல்லுவா. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பார். நான் இங்கிலிசில் சொன்ன பிறகுதான் திரும்பி எழுதுவார். அவவின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்குகிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். புருசனைக் கொண்டுபோன காலையைப் பற்றி அந்த மனிசி சொல்லச் சொல்ல நான் இங்கிலிசில் சொல்லிக்கொண்டு போனேன். அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

அரசாங்கத் தரப்பு அதிகாரி இரண்டு தாளை எடுத்துக் காட்டினார். வந்து இறங்கியபோது கொடுத்த பேட்டியில், கணவனைக் கொண்டுபோனது செப்டெம்பரில் ஒரு நாள் என்று இருக்கிறது. அடுத்த வருடம் கொடுத்த அறிக்கையில் ஆகஸ்டில் ஒரு நாள். எது சரி? நான் தமிழில் கேட்டேன். அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ரெண்டும் சரிதான் ஐயா. திதி ஒண்டுதானே."

நான் அதைச் சொன்னேன். திதி என்ற சொல்லுக்கு இங்கிலிசில் சொல் இல்லை. அந்தச் சொல்லையே சொல்லிவிட்டு, அப்படியென்றால் என்று ஒரு வசனம் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் சொற்களை மட்டும் தரவும். விளக்கம் அவருடைய வேலையல்ல" என்று இங்கிலிசில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வருடா வருடம் அவருடைய தாயின் திதியைப் பார்த்துச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்த என் முகத்தைப் பார்த்து!

அக்கா விடவில்லை. என்னைத் தாண்டி நேராக அவரைப் பார்த்துக் கதைத்தா. "ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே. ஆவணி மாசம் அபரபக்கத் தசமி. அது வருசா வருசம் மாறித்தானே வரும். அவரின்ர உடம்பு கிடைக்கேல்லை, அதாலை நான் திவசம் எண்டு சொல்லமாட்டன். அண்டைக்கு ஒரு நேரச் சாப்பாடு, அவ்வளவுதான்." நான் ஒரு சொல் விடாமல் இங்கிலிசில் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்தானே என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் எழுதினார். அக்காவின் லோயர் ஓர் இளைய வெள்ளைக்காரர், அன்று காலையில்தான் கோப்பு அவருடைய கைக்குக் கிடைத்திருந்தது. அவர் தாள்களுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன திதி, என்ன மாதம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜட்ஜ் ஐயாவும் கேட்கவில்லை. தங்கையின் கைப்பை பின்வரிசையில் அவவின் மடியில் பூட்டியபடி இருந்தது.

மூன்று கிழமையில் தீர்ப்பு வந்தது. தங்கை அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தா. யாரிடமோ விலாசம் கேட்டு வந்திருக்கிறா, வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. நான் வாசித்தேன். முக்கிய நிகழ்வின் திகதியிலேயே முரண்பாடு இருப்பதால் மேன்முறையீட்டாளரை நம்ப முடியவில்லை. அந்த முரண்பாட்டுக்கு அவர் ஏதோ சமயக் கலண்டர் ஒன்றைக் காரணம் காட்டினார். அதற்கடுத்த வசனத்தில் என் கண் நின்றுவிட்டது. அப்படி ஒரு கலண்டர் இருக்கிறது என்பதற்கான சான்று எதுவும் என் முன் வைக்கப்படவில்லை.

அடப்பாவி மனிசா!

மேசை லாச்சிக்குள் பஞ்சாங்கம் வைத்திருந்தவர். மட்டுவில்காரருக்காக அதே கலண்டரைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரனுக்குப் பாடம் எடுத்தவர். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். வேலி மேய்ந்தால்கூடப் பசி என்று சொல்லலாம். இவருக்கு என்ன பசி? மேற்கொண்டு முறையிடக் கொடுத்த நாட்கள் கொஞ்சம். பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு உடனே உங்கள் லோயரிடம் ஓடுங்கோ என்று தங்கையை அனுப்பினேன். அந்த லோயர் லீவில் போயிருந்தார். அவர் வந்து கோப்பைத் திறக்கும்போது நாள் கடந்துவிட்டது. நான் செய்திருக்க வேண்டியது வேறு. விசாரணை முடிந்த அன்று பின்னேரமே அந்த லோயருக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். தீர்ப்பு எழுத முதலே ஒரு கடிதத்தோடு அந்தப் பஞ்சாங்கம் நீதிபதியின் மேசைக்குப் போயிருக்கலாம். பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் பாதி. மற்றப் பாதி, சும்மா மன்றுக்காக முகத்தை இறுக்கி வைத்திருக்கிறார், எழுதும்போது சரியாகத்தான் எழுதுவார் என்ற நம்பிக்கை. அந்த மூன்று கிழமையும் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்பதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

நடந்ததைச் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும். நல்லது எவ்வளவு செய்த மனுசன்" என்றார்கள். சறுக்கியது ஆனைக்குத்தான், நசுங்கியது யார் என்று கேட்டேன். அடுத்த வாரம் இன்னோர் அரங்கேற்றம், அவர்தான் பிரதம விருந்தினர்.

நீதிபதிக் கதிரை போதாமல் அவருக்கு நகரசபை ஆசை வந்தது. கொஞ்ச நாளில் பதவியை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோட்டில் பூச் செருகிக்கொண்டு, கையில் துண்டுப் பிரசுரங்களோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட வந்தவர்கள் அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்கள். "என்ன பிள்ளை, கண்டு கனகாலம். உம்மட வோட்டு எனக்குத்தானே?" என்றார். சிரிப்பு பழைய சிரிப்புத்தான். பிரசுரத்தின் தலையில் தமிழில் 'உங்களில் ஒருவன்' என்று அடித்திருந்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அடுப்பில் கறி இருந்தது, அது கரிந்தால் கரியட்டும் என்று வாசலிலேயே நின்று கேட்டேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். எந்த வழக்கு என்று அவர் கேட்கவில்லை. அதைக் கவனித்தேன். அந்த வழக்கு அவருக்கு மறக்கவில்லை.

"சாட்சியத்தை வைக்கவேண்டியது அந்த மனிசியின்ர லோயர். நான் ஜட்ஜாயும் இருந்து சாட்சியாயும் இருக்க ஏலாது. அது சட்டமில்லை."

"ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்தானே. என்ன கலண்டர், காட்ட முடியுமா எண்டு. வெள்ளைக்காரன் உங்களிட்டைக் கேட்டவன்தானே. பஞ்சாங்கம் பின்னாலை கைப்பைக்குள்ளை இருந்தது."

அது அவருக்குத் தெரியாது. பிரசுரக் கட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிள்ளை, அந்தக் கட்டடத்திலை எங்கட ஆள் எண்டு நான் ஒருத்தன்தான். தமிழாக்களின்ர வழக்கு ஒண்டை நான் வெல்ல விட்டால், தன்ர ஆக்களுக்குச் செய்யிறான் எண்டு கதைப்பாங்கள். ஒவ்வொரு தீர்ப்பையும் பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிறாங்கள். நான் கேட்டிருந்தால், எனக்குத் தெரிஞ்சு கேட்டது எண்டு ஆகிவிடும்."

"அப்ப அங்கை எங்கட ஆளா இருக்க ஏலாது. இஞ்ச வந்து எங்கட ஆள் எண்டு வோட்டுக் கேக்க மட்டும் ஏலுமோ?"

அவருடைய முகம் கறுத்தது. "உமக்கு வாய் கூட" என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கினார். நான் பிரசுரத்தை அவருக்குப் பின்னால் எறியவில்லை. எறிந்திருக்க வேண்டும். அவர் சொன்னதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி ஏதோ நியாயம் இருக்கலாம், எனக்குச் சட்டம் படிக்கக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெரியும். தன்னைச் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக அவர் அந்த மனிசியைச் சந்தேகப்பட்டார். தன் பெயரில் தூசு படாமல் இருப்பதற்கு ஒரு தாயையும் மகளையும் விலையாகக் கொடுத்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தேர்தலில் வென்றார். எங்கள் சனம்தான் வெல்லவைத்தது. அந்தக் கோடையில் அக்காவைப் பிடித்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். தங்கை அழுதுகொண்டு போன் எடுத்தா. அக்கா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாவாம். போனேன். பிளாஸ்டிக் கதிரை, தரையோடு பூட்டிய மேசை. இளைத்துப்போயிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பவில்லை, இருங்கோ என்றும் சொல்லவில்லை.

"நீங்கள் அண்டைக்கு அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. இவ்வளவு காலமும் அந்த மனிசி யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான். நான் இங்கிலிசில் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் ஐயாவுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தமிழில் சொன்னதே அவருக்கு விளங்கியது, அவருடைய தாயின் திவசத்தை நான்தான் பார்த்துக் கொடுப்பேன், மட்டுவில்காரரின் வழக்கை அவர் எப்படி வென்றார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா.

"சும்மா இருங்கோ. விளங்கின மனுசன் அப்பிடி எழுதமாட்டார். எங்கட ஆள் அப்பிடிச் செய்வாரே? நீங்கள் விட்ட பிழையை அவரின்ர தலையிலை போடாதேங்கோ."

சொல்லிவிட்டு எழும்பிக் காவலாளியோடு உள்ளே போய்விட்டா. மூன்றாம் நாள் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஏற முதல் தங்கைக்குப் போன் எடுத்து, "ஐயா இப்ப கவுன்சிலராம். அவரிட்டை ஒருக்காப் போய் உண்மையைச் சொல்லுங்கோ. தெரிஞ்சால் ஏதும் செய்வார்" என்றாவாம். மகள் ஏதோ ஒரு முகவரோடு வேறு நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள் என்றும், எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று தாய்க்கே தெரியாது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். தாய் லொட்ஜில் தனியே இருந்தா. பிறகு கடிதம் வரவில்லை.

தங்கை நான் மறிக்க மறிக்க அவரிடம் போனா. கவுன்சிலர் சனத்தைச் சந்திக்கும் நாளில் வரிசையில் இருந்து, முறை வந்ததும் அக்காவின் பெயரைச் சொல்லி, பஞ்சாங்கத்தையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறா. அவர் அதைத் தொடவில்லையாம். பிறகு, "இதிலை இனி என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது தங்கச்சி" என்று சொல்லும்போது கண்ணால் தண்ணீர் வடிந்ததாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். தங்கை அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா. சொல்லிவிட்டு, "எங்களுக்காக அழுத மனுசன். நல்ல மனுசன்" என்றா.

நல்ல மனுசன் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த ஆத்திரம்.